ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த ஜாக்கெட்டுகள்

ஐந்தாவது குளிர் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு அவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைப்பையின் வாரை பெல்ட் போலக் குறுக்கே மாட்டினாள். முழங்கால்களுக்கு நடுவே இல்லாத ஒரு கம்பைப் பிடித்து வயிறு வரை இழுத்தாள். உப்பிய பஞ்சு பாதியிலேயே கையைத் தடுத்தது.

“இதுவும் ஆகாது.”

“பனிமலைக்குப் போறவங்க எல்லாம் இதத்தான் எடுக்கறாங்கம்மா,” என்றார் கடைக்காரர்.

“அவங்க நடந்து போறாங்க. நான் உக்காந்து போறேன். விமானம் தரையைத் தொடறப்ப கம்பைக் கடைசி வரைக்கும் இழுக்கணும். ஜாக்கெட்டுல இடிச்சு நின்னா விமானம் தொப்புனு விழும்.”

அதுவரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், “விமானமா?” என்று கேட்டுவிட்டு ஏணியை இழுத்துப் போட்டு மேல் அலமாரியைத் துழாவ ஆரம்பித்தார்.

அவள் வனத்துறைக்காகச் சின்ன விமானம் ஓட்டுபவள். முன்னால் அவள், பின்னால் கேமராக்காரர், அவ்வளவுதான் இடம். மலைச்சரிவில் காட்டாடுகளைப் படமெடுத்து எண்ணும் வேலை. படம் தெளிவாக விழ வேண்டுமென்று பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பறப்பார்கள். உள்ளே ஹீட்டர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மறுநாள் காலை மீண்டும் பறக்க வேண்டும்.

துணைக்கு நாத்தனார் வந்திருந்தாள். டவுன் பஸ் ஓட்டுபவள். அன்று அவளுக்கு விடுமுறை. ஜாக்கெட் வாங்கப் போகிறோம் என்று கிளம்பும்போது மாமியார், “அளவு ஜாக்கெட் எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டிருந்தார். நாத்தனார் தெரு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாவது நைலான். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “தீப்பிடிச்சா உருகித் தோல்ல ஒட்டிக்கும்.” ஏழாவதில் காலர் காது வரை ஏறியது, கழுத்தைத் திருப்பினால் பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றினாள். பிறகு ஐந்தாவதையே திரும்ப எடுத்து, ஜிப்பை ஏற்றினாள், இறக்கினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“அண்ணனுக்கு சரின்னு சொல்லக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலயாம் அண்ணி,” என்றாள் நாத்தனார். பிறகு குரலைத் தணித்தாள். “என்ன விஷயம்? துணிக்காக யாரும் இப்படித் தவிக்க மாட்டாங்க.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த முறை எதையும் இழுத்துப் பார்க்கவில்லை.

“போன வாரம் விரல் மரத்துப்போச்சு. பெட்ரோல் வர்ற டாங்கை இடதுலேருந்து வலதுக்கு மாத்தணும். பிடியத் திருப்பினேன். வலதுன்னு நெனச்சு மூடற பக்கம் திருப்பிட்டேன். கொஞ்ச நேரத்துல இன்ஜின் இருமுச்சு. உடனே சரி பண்ணிட்டேன். ஆனா கீழ பாறை.”

“விரலுக்குத்தானே ஆச்சு? கையுறை வாங்கினா போதாதா?”

“கையுறை போட்டுத்தான் இருந்தேன். உடம்பு குளிர்ந்தா ரத்தம் விரல் வரைக்கும் வராது. நெஞ்சு சூடா இருக்கணும்.”

“பின்னால இருந்தவர்கிட்ட சொன்னீங்களா?”

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள்.

“எனக்குப் பின்னால ஐம்பது பேர் உக்காந்திருக்காங்க. உங்களுக்கு ஒரே ஒருத்தர். அவர்கிட்ட சொல்லாம எந்தக் கோட்டு போட்டாலும் உங்களுக்குக் குளிரத்தான் செய்யும்,” என்றாள் நாத்தனார்.

கடைக்காரர் ஏணியிலிருந்து பழைய சரக்கு ஒன்றை இறக்கினார். வெளியே தோல், உள்ளே கம்பளி, இடுப்போடு நின்றது. உட்கார்ந்து இழுத்தாள், கை வயிறு வரை வந்தது. கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. அதைப் போட்டபடியே கடை வாசலுக்குப் போய்க் கேமராக்காரரைப் போனில் அழைத்தாள்.

“போன வாரம் இன்ஜின் இருமுச்சே, அது என் தப்பு.”

அவர் குரல் நிதானமாக இருந்தது. “தெரியும். உங்க கை பிடியில இருந்ததைப் பாத்தேன். நீங்களா சொல்வீங்களான்னு பொறுத்திருந்தேன். இன்னிக்கும் சொல்லலேன்னா நாளைக்கு வேற விமானி கேக்கறதா இருந்தேன்.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. “ஆபீஸ்லயும் இப்பவே சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு. இனிமே ஒரு தடவைக்கு நாப்பது நிமிஷம்தான் பறக்கணும். எறங்கி, சூடா எதையாவது குடிச்சுட்டுத்தான் மறுபடி ஏறணும்.”

ஆபீஸில் தலைமை விமானி அதைக் கேட்டுச் சத்தம் போடவில்லை. ஆனால் மறுநாள் பறப்பை நிறுத்திவிட்டார். பத்து நாள் அவளை வேலைக்கு அனுப்பாமல் நிறுத்தி, இரண்டு முறை தானே பின்னால் ஏறி உட்கார்ந்து அவள் ஓட்டுவதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினார். அந்தப் பத்து நாளும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

பதினோராம் நாள் கேமராக்காரருடன் கிளம்பினாள். கன்னத்தில் காற்று அறைந்தது. ஜாக்கெட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. டாங்க் பிடியைத் தொடும் முன் திசையை வாய்விட்டுச் சொன்னாள். பின்னாலிருந்து அவரும் திருப்பிச் சொன்னார். நாற்பது நிமிஷம் முடிந்து திரும்ப வேண்டிய நேரம் பார்த்து, மேட்டுக்கு அப்பால் பெரிய கூட்டம் ஒன்று தெரிந்தது. நூறு ஆடாவது இருக்கும்.

“இன்னும் ஒரே ஒரு சுத்து போலாமா?” என்று அவரே கேட்டார்.

விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தன. “வேணாம்,” என்று விமானத்தைத் திருப்பினாள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது, அடுத்த முறை ஏறும்வரை அந்தக் கூட்டம் அங்கே நிற்குமா என்ற எண்ணம் ஓடுபாதை கண்ணில் படும்வரை அவளை விடவில்லை.