சிவந்த தெளிவு

இருபது வருஷமாக எனக்கு ரத்தம் என்றால் கழுவித் தள்ள வேண்டிய அழுக்கு. மாடு விழும், ரத்தம் ஓடும், ரப்பர் குழாயைத் திறந்து சாக்கடை வரைக்கும் விரட்டுவேன். அதில் புரதம் இருக்கிறது, பிரித்துத் தூளாக்கினால் கன்றுத் தீவனத்துக்குப் போகும் என்று லேப் அம்மா வந்து சொன்னபோது அறுப்புக்கூடமே சிரித்தது.

"அதான் நம்ம சாக்கடை எலியெல்லாம் பயில்வான் மாதிரி திரியுதா!" என்றான் தோல் உரிக்கிறவன்.

சிரிக்காத ஒரே ஆள் என் தங்கை புருஷன். குடல் கழுவும் தொட்டியில் நின்று நொந்துபோயிருந்தவர், லேப் அம்மா பின்னாலேயே சுற்றி எல்லாம் கற்றுக்கொண்டார். குழாய் வைத்த கத்தியால் குத்தி, ரத்தத்தை நேராகக் கேனில் பிடிக்க வேண்டும். உறையாமலிருக்க கேனில் முன்கூட்டியே மருந்துக் கரைசல் ஊற்றி வைக்க வேண்டும். அப்புறம் சுற்று மெஷினில் விட்டால் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் தெளிவு ஒரு பக்கம். அந்த மஞ்சளில்தான் காசு. வெறும் தண்ணீர் மட்டும் சேரக் கூடாது. சேர்ந்தால் ரத்த அணு உடைந்து மஞ்சளும் சிவந்துபோகும்.

"பிள்ளைத்தாச்சியப் பாத்துக்கற மாதிரி கேனைப் பாத்துக்கறேன் மச்சான்" என்பார்.

வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சோதித்துப் பார்க்க வந்த காலை. மாப்பிள்ளை கரைசலை அளந்து ஊற்றிவிட்டுக் கத்தி எடுக்கப் போயிருந்தார். கேன் விளிம்புகளில் பழைய கறை. வெள்ளைக் கோட்டுகள் வாசலுக்கே வந்துவிட்டன. என் கை யோசிக்கவில்லை. குழாயைத் திறந்து வரிசை முழுக்க அடித்துவிட்டேன். கேன் அடியில் ஏற்கெனவே தெளிவாக ஏதோ நின்றது. இன்னும் நாலு விரல் சேர்ந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

மெஷினிலிருந்து சிவப்பாகவே வந்தது. லேப் அம்மா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"தண்ணி சேர்ந்திருக்கு. கேன் யார் பொறுப்பு?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு அக்கறையாக அதை நான் சுருட்டியதே இல்லை.

"நான்தான்" என்றார்.

அவரை உப்புக் கொட்டகைக்கு மாற்றினார்கள், பச்சைத் தோலுக்கு உப்புத் தேய்க்க. "நீயாவது சுத்தமா வேலை செய்யறவன்" என்று மேஸ்திரி கேன்களை என்னிடம் ஒப்படைத்தார். அடுத்த மாசம் மஞ்சளாகவே வந்தது. முதுகில் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. உப்பில் வெடித்த மாப்பிள்ளை கைக்கு அவள் எண்ணெய் தடவுவாள்.

"தண்ணி எப்படி மச்சான் உள்ள வந்திருக்கும்?" என்பார்.

"மேல போற பைப் ஒழுகியிருக்கும் மாப்பிள்ளை."

அடுத்த வாரமும் கேட்பார். நான் வேறொன்று சொல்வேன்.

"விடுங்களேன். அண்ணனைப் போட்டு ஏன் குடையறீங்க?" என்பாள் தங்கை.

"சும்மா கேக்கறேன்."

ஆறு மாசம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு அவர் கேட்கவில்லை. தலை குனிந்து சாப்பிட்டார். பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"மாப்பிள்ளை, அன்னைக்குத் தண்ணி அடிச்சது நான்தான்."

"தெரியும். குழாய் சத்தம் கேட்டுச்சு. தரைக்குன்னு நெனச்சேன். சிவப்பா வந்ததுமே புரிஞ்சுது." தண்ணீர் குடித்தார். "அந்தம்மா கேட்டப்போ உங்களைப் பாத்தேனே."

"நாளைக்கே மேஸ்திரிகிட்ட சொல்லிடறேன்."

"எதுக்கு? வியாழக்கிழமையே கணக்கு முடிச்சுட்டு வந்துட்டேன். மரக்கடைல சேர்ந்தாச்சு."

சாப்பிட்டதும் தடவ எடுத்து வந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தங்கை கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் பாதிதான் சாப்பிட்டிருந்தேன்.