ஏச்சுக்குப் பதில்

தக்கோவுக்கு அன்று ஏச வாய் வரவில்லை. எல்லை ஆற்றுக்கு அக்கரையில், ரோஸ்ஸோ ஊரில் அவளுடைய அம்மா விடிகாலையில் கண்மூடிவிட்டாள். மதியத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் தூக்கிப் போய்விடுவார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அதற்குள் ஆற்றைக் கடந்தால்தான் முகம் பார்க்கலாம். மதிய ஓய்வுக்கு முந்திய கடைசிக் கப்பல் லாரிகளை ஏற்றி முடித்திருந்தது.

துறை வாசலில் காவல் நின்றவர் யேரோ ஜாலோ. அவளோ பா குலம். பா குலத்தாரும் ஜாலோ குலத்தாரும் கண்ட இடத்தில் ஒருவரையொருவர் ஏசியாக வேண்டும், கோபிக்கக் கூடாது. பாட்டன் பூட்டன் காலத்து ஒப்பந்தம். வாரம் இருமுறை வெங்காய மூட்டையோடு தக்கோ வருவாள், ஏச்சும் எதிர் ஏச்சும் கிளம்பும். அந்தச் சிரிப்பில் அவளுடைய அடையாள அட்டை காலாவதியாகி எட்டு மாதம் ஆனது இருவருக்குமே மறந்துபோகும். ஆற்றைக் கடக்க அந்தச் சிரிப்பைவிட மலிவான அனுமதிச் சீட்டு கிடையாது.

"வாடி, கன்னுக்குட்டி திருடி! இன்னிக்கு யார் வீட்டுத் தொழுவம் காலி?"

தக்கோ தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வெளியே வரும்.

"என்னடி, பா வீட்டுல நாக்கையும் வித்துத் தின்னாச்சா?"

பின்னால் நின்ற மீன்காரிகள் சிரித்தார்கள். யேரோ காத்திருந்தார். அவர் முகம் சுருங்கியது. ஏச்சுக்குப் பதில் தராதவள் உறவை முறித்தவள். முறித்தவளுக்கு என்ன சலுகை?

"அட்டையக் காட்டுங்க."

அந்த 'ங்க' அவளை அறைந்தது. நீட்டினாள். தேதியை முதல்முறை பார்ப்பவர்போலப் படித்தார்.

"செல்லாது. புதுப்பிச்சிட்டு வாங்க."

கப்பல் சங்கு ஊதிக் கரையை விட்டு நகர்ந்தது. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"எங்கம்மா போயிட்டாங்கண்ணே. முகம் பாக்கணும்."

யேரோ அட்டையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "அடிப்பாவி, நான்தான் வாயைக் கிளறிக்கிட்டே இருந்தேனே, சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றவர், அவள் கையைப் பிடித்துச் சேற்றில் இறங்கி, பூட்ஸ் நனைய ஒரு மீன்படகில் ஏற்றிவிட்டார். "வேகமாப் போ!" என்று படகுக்காரனை விரட்டினார்.

பாதி ஆற்றில் அக்கரையின் தொழுகைப் பாங்கு கேட்டது. பின்னாலிருந்து இன்னொரு குரல், உடைந்து, தண்ணீர்மேல் வந்தது.

"ஏய் திருடி! எங்க ஜாலோ வீட்டுச் சோத்துப் பானையெல்லாம் கவுத்தவ உங்கம்மா! சொர்க்கத்துலயாவது அவ கைக்கு எட்டாம பாலைப் பூட்டி வைக்கச் சொல்லு!"

படகுக்காரன் துடுப்பை நிறுத்தவில்லை. "பதில் சொல்லு தாயி," என்றான்.

அக்கரையில் தொழ வந்தவர்களின் வெள்ளை அங்கிகள் ஒவ்வொன்றாக வரிசை சேர்ந்துகொண்டிருந்தன. தக்கோ ஆடும் படகில் எழுந்து நின்றாள். யேரோ நின்ற பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.