சின்ன சகலையின் பிரிவு

பார்சல் கம்பெனியில் இருவர் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவருக்குப் பெரிய சகலை, இளையவருக்குச் சின்ன சகலை என்று பெயர் விழுந்துவிட்டது. பெரியவர் பதினோரு வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் தகவல் கிடங்கைக் கட்டிக் காப்பவர். சின்னவர் வந்து எட்டு மாதம்தான்; அதற்குள் ஜன்னலோர நாற்காலி அவருக்குப் போய்விட்டது. அன்று பற்றிக்கொண்ட பெரியவரின் வயிற்றெரிச்சலில், பக்கத்து மேஜைக்காரர் தம் சாப்பாட்டு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்துச் சூடாகச் சாப்பிட்டு வந்தார்.

பெரியவர் கட்டும் புதுத் தகவல் கிடங்குக்குப் பத்து கம்ப்யூட்டர் இயந்திரங்கள். எந்தத் தகவல் எந்த இயந்திரத்துக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது பிரிவுச் சாவி. போன இடத்தில் எந்த வரிசையில் உட்காரும் என்பது வரிசைச் சாவி.

"பெரியவரே, சோதனையில நீங்க கட்டினது நின்னா கிடங்குக்கு நீங்கதான் தலைவர். படுத்துடுச்சுன்னா சின்னவர்," என்றார் மேனேஜர்.

"பார்சல் நம்பரைப் பிரிவுச் சாவியா வைங்க சகல, நேரத்தை வரிசைச் சாவியா வைங்க," என்றார் சின்னவர். "'என் பார்சல் எங்கே'ன்னு கேட்டா, ஒரே இடத்துல கடைசி வரியை எடுத்து நீட்டிடலாம்."

பெரியவர் நினைத்து வைத்திருந்ததும் அதுவேதான். ஆனால் அந்த வாயிலிருந்து வந்துவிட்டதே!

"தேதிதான் பிரிவுச் சாவி," என்றார்.

முதல் சோதனையில் அன்றைய பார்சல்கள் அத்தனையும் அன்றைய தேதியில், ஒரே இயந்திரத்தின் தலையில் விழுந்தன. ஒன்பது இயந்திரங்கள் கொட்டாவி விட்டன. கொதித்த பத்தாவதன் மேல் காவலாளி ஈரக் காலுறையைக் காயப்போட்டார். எடுக்கும்போது இஸ்திரியும் ஆகியிருந்தது.

"நாளைக்கு இன்னொரு தடவை. அதுதான் கடைசி," என்றார் மேனேஜர்.

வீட்டில் பெரியவர் கொட்டித் தீர்த்தார். "மார்ச் நாலு, என் ஸ்டேப்ளரை எடுத்தான். மார்ச் ஒம்பது, என் ஜோக்குக்கு அவன் மட்டும் சிரிக்கல. ஏப்ரல் ரெண்டு, நாற்காலி!"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் பேரெடுத்தா தேதிவாரியா கொட்டுதே," என்றாள் மனைவி. "நம்ம கல்யாண நாள் என்னைக்கு?"

பெரியவர் சுவரில் காலண்டரைத் தேடினார்.

"எல்லாத்தையும் ஒருத்தர் பேர்லயே போட்டு வச்சா, மண்டை சூடாகாம என்ன பண்ணும்?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. தேதிவாரியாக அடுக்கியதில் தப்பில்லை. கிடங்கிலும் அத்தனையையும் ஒரே இடத்தில் குவித்ததுதான் தப்பு. மறுநாள் காலை பல்லைக் கடித்துக்கொண்டு பார்சல் நம்பரைப் பிரிவுச் சாவியாகவும், நேரத்தை வரிசைச் சாவியாகவும் மாற்றினார். பத்து இயந்திரங்களும் குளுகுளுவென்று ஓடின. காவலாளி அன்று முழுக்க ஈரக் காலுறையோடு நடந்தார்.

"பிரமாதம்!" என்றார் மேனேஜர். "ஆனா இது சின்னவர் சொன்னதாச்சே? அப்போ தலைவர்..."

"சொல்றது பெரிசா சார்? கட்டினது சகலதான். அவரே தலைவரா இருக்கட்டும்," என்று சிரித்த சின்னவர், ஜன்னலோர நாற்காலியையும் தம் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார்.

பெரியவர் அதில் உட்கார்ந்தார். மனதுக்குள் சின்னவரின் பிரிவு திறந்தது. கடைசி வரி ஏறியது: 'இன்று, விட்டுக்கொடுத்தான்.'

பக்கத்து மேஜைக்காரர் தம் மேஜையையே ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார், டப்பாவோடு.