பிறக்காத மூன்று பிள்ளைகள்

தையற்காரியின் தங்கைக்குப் பிறக்காமல் போன மூன்று பிள்ளைகளும் ஒரு திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பெண், ஒரு பையன். வந்ததும் வராததுமாகப் பசிக்கிறது என்றார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தையற்காரிக்குத் தலைக்கு மேல் வேலை. "எல்லாம் என் தலையிலதான் வந்து விடியணுமா?" என்று சலித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவர்கள் பிறக்காமல் போனதற்குக் காரணம் நல்வம்சக் கமிட்டி. விதை பொறுக்குவதுபோல மனிதரையும் பொறுக்கினால் நாடு உருப்படும் என்று படித்த பெரிய மனிதர்கள் கூடி முடிவெடுத்த காலம் அது. கொழுகொழு குழந்தைகளுக்குப் போட்டி வைத்துக் கோப்பை கொடுத்தார்கள். மந்தம் என்று பட்டவர்கள்மேல் கத்தி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் துணி துவைத்த தங்கைக்கு இடது காது அறவே கேட்காது. கமிட்டி டாக்டர் இடது பக்கமே நின்று கேள்விகளைக் கேட்டார். அவள் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். மந்தபுத்தி என்று முடிவாகிவிட்டது. குடல்வால் எடுக்கிறோம் என்று சொல்லிக் கருக்குழாயை வெட்டிவிட்டார்கள். அந்த மனுஷன் கொஞ்சம் நகர்ந்து நின்று கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று தையற்காரிக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சரி, அவள் நிஜமாகவே மந்தம் என்றே வைத்துக்கொள்வோம், பிள்ளை பெறாதே என்று சொல்ல இவர்கள் யார்?

தங்கைக்குக் கல்யாணமானது. வருஷங்கள் போயின, புருஷனும் போனான். வெட்டியதைப் பற்றி டாக்டர் வாயே திறக்கவில்லை. கடைசியில் அந்தத் திங்கட்கிழமை வந்த மூத்த பெண்தான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "உன்ன வெட்டிட்டாங்கம்மா. அதான் லேட்டு." தங்கை மூன்று பேரையும் கட்டிக்கொண்டு கதறினாள். யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்களோ என்று அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

தையற்காரி எல்லோரையும் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் பழக்க தோஷத்தில் பிள்ளைகளின் தலைகளை அளந்துவிட்டு, "அருமையான வம்சம்! பெத்தவங்க யாரு?" என்றார்.

"நீங்க வெட்டிப் போட்டீங்களே, இவதான்."

டாக்டர் அளவுக்கருவியைக் கீழே வைத்தார். "இங்க பிள்ளைங்களே இல்லையேம்மா."

அதற்குள் பையன் மேசையில் மைக்கூட்டைக் கவிழ்த்திருந்தான். டாக்டர் கைக்குட்டையால் மையை ஒற்றி எடுத்தபடியே, இல்லவே இல்லை என்று சாதித்தார். இந்த ஜன்மங்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று தையற்காரி வெளியே வந்துவிட்டாள்.

பிறகு கமிட்டி கலைந்தது. அதே பெரிய மனிதர்கள் கருணையைப் பற்றி மேடைகளில் பேசினார்கள். பிள்ளைகளோ வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மழைநாளில் அக்காவும் தங்கையுமாக அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். தங்கை பிள்ளைகளை இறுக்கிப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"எப்ப பொறந்தாங்க?" என்று கேட்டாள் தலைமையாசிரியை.

"பொறக்கவே விடலைங்க டீச்சர்" என்றாள் தையற்காரி.

தலைமையாசிரியை மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, கால் பூரா சேறு. கழுவிட்டு வந்து உக்காரச் சொல்லுங்க."