கால் மாற்ற இடம்

சஞ்சீவி ராஜாவுக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் புத்தி வேலை செய்யும். இது அவரே சொன்னது. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார். அங்கே அவருடைய நாற்காலி கட்டில் அகலத்துக்கு இருக்கும். காரிலும் பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வார். அப்படிப்பட்டவர், ஏதோ ஒரு வேகத்தில், தூத்துக்குடி ஏலத்தில் ஒரு மோட்டார் படகை எடுத்துவிட்டார். வெள்ளைக்காரர் காலத்துத் தேக்குப் படகு. கீழே அறைக்குள் ஒரு ஸ்டியரிங், கூரைமேல் மேல்தட்டில் இன்னொரு ஸ்டியரிங். மேலே இருப்பதை நின்றுகொண்டுதான் ஓட்ட முடியும்.

அவர் அதை ‘யாட்டு’ என்பார். என் மாமா பிச்சை முகம்மது ‘போட்டு’ என்பார். மாமாவுக்கு லாரி, பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை. படகு லாரியில் வந்து பட்டறை வாசலில் இறங்கியபோது எங்கள் ஆட்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயர் எங்கே என்று கேட்டார்கள்.

ராஜா கொஞ்சம் குள்ளம். மேல்தட்டில் ஏறி நின்றால் ஸ்டியரிங் சக்கரம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவில் இருந்து எங்களைப் பார்த்தார்.

“பாய், ஜன்னல்ல நிக்கிற மாதிரி இருக்கு. நான் உக்காந்து ஓட்டணும். சம்மணம் போட்டு.”

மாமா தன் வழக்கப்படி பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தார். பலகை இங்கே, சக்கரம் இங்கே, வேகக் கைப்பிடி இங்கே. ராஜா கோட்டைப் பார்ப்பார், “காது பாய், காது” என்று தெலுங்கில் மறுத்துக்கொண்டே செருப்புக் காலால் தேய்த்து அழிப்பார். மாமா மறுபடி வரைவார். தரை முழுக்க வெளுத்த பிறகு ராஜாவே சொன்னார்:

“இதைப் பேப்பர்ல போட்டா என்ன பாய்? காலால அழிக்க முடியாதுல்ல.”

“நம்ம மருமவன் படம் போடுவான்” என்றார் மாமா. எனக்கு ஏதோ வியாதி இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்வது போல இருந்தது.

நான் பகலில் பட்டறையில் வெல்டிங் பார்த்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிராப்ட்ஸ்மேன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பட்டறையில் வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் நான் பென்சில் சீவப் போகிறேன் என்பது அவர் குறை. அதில் நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் உண்டு.

ராஜா போனதும் மாமா என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே கபீரு, இப்பமே பேசிக்கிடுவோம். நீ போட்ட படத்தை வச்சு மேல உக்காந்து ஓட்டி, கம்மாய ஒரு சுத்து சுத்தி, எங்கயும் முட்டாம கரைக்கு வந்துச்சுன்னா நீ கிளாசுக்குப் போ. நான் வாயத் தொறக்க மாட்டேன். முட்டுச்சுன்னா, அன்னைக்கோட கிளாசு முடிஞ்சுது. நீ கோடு போடுற அந்த டி ஸ்கொயரு அடுப்புக்குப் போவும்.”

“சரி மாமா.”

“நல்ல மரம்லே அது. நின்னு எரியும்.”

எங்கள் வகுப்பு ஆசிரியர் சுயம்புலிங்கம் சார், எதை வரைந்தாலும் அதைப் பயன்படுத்தும் ஆளை முதலில் அளக்கச் சொல்லுவார். அதனால் நாடாவை எடுத்துக்கொண்டு ராஜாவின் தறிக்கூடத்துக்குப் போனேன். அவர் நாற்காலியில் சம்மணம் போட்டு, சென்னைக்கு டெலிபோனில் கத்திக்கொண்டிருந்தார். ஒரு முட்டியில் இருந்து மறு முட்டிவரை அளக்க வேண்டும். ஊரில் பெரிய மனிதர், அவர் முட்டியை எப்படித் தொடுவது? அவருக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் நாடாவை விரித்துப் பிடித்து அளந்தேன். பேச்சு வேகத்தில் அவர் அசைந்தபோதெல்லாம் நாடாவை இறக்கிவிட்டு, அவர் அசையாமல் இருக்கும்வரை காத்திருந்தேன்.

“தம்பி, கைப்பிடி முட்டிக்குப் பக்கத்துலயே இருக்கணும். எட்டி எடுக்குற வேலையே கூடாது” என்றார்.

காற்றில் எடுத்த அளவை நம்பி மரத்தை அறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய பஸ் பலகைகளை அடித்து, மேல்தட்டு ஓட்டுமிடத்துக்கு ஒரு மாதிரி செய்து பட்டறையில் வைத்தேன். ராஜா வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு நேரமில்லை. அவர் மனைவி கோதையம்மா வந்தார்.

“நானும் அவுகளும் ஒரே ஒசரம்தான் தம்பி. எங்க கல்யாண போட்டோவுல ரெண்டு பேருக்கும் ஸ்டூல் போட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே ஏறிச் சம்மணம் போட்டார். நான் நாடாவோடு தயங்கி நிற்பதைப் பார்த்து, அதை என் கையில் இருந்து வாங்கித் தன்னைத்தானே அளந்து, “எழுதிக்கோ” என்றார்.

எழுதிக்கொண்டேன். இது எதுக்கு, அது எதுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கைப்பிடியை முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் நிதானம் என்று சொன்னேன். ஒரு கம்பி கண்ணை மறைக்கிறது, இறக்கு என்றார். இறக்கினேன். டீ வந்தது, குடித்து முடித்தோம். எதனோடும் இணைக்காத அந்தச் சக்கரத்தை அவர் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கு” என்று மனசில்லாமல் இறங்கிப் போனார்.

புருஷனுக்குப் போடும் இருக்கைக்கு மனைவியை அளக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன்.

“ஏம்லே, எந்த பஸ்லயாவது புருசனுக்கு ஒரு சைசு, பொஞ்சாதிக்கு ஒரு சைசுன்னு சீட்டுப் போட்டிருக்கமா?” என்றார்.

அதோடு அந்தச் சந்தேகத்தை விட்டேன். அடுத்த சந்தேகம் கீழ் ஸ்டியரிங். மேலே இருப்பதைத் தாழ்த்திச் சாய்த்தாலும் கீழே உள்ளதை அப்படியே வைத்திருப்பது நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கார் டிரைவர் சங்கிலிப்பாண்டி ஆர்மியில் லாரி ஓட்டியவர், ஆறடிக்கு மேல். அவர் கீழே நின்று எஞ்சினைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

“மேல நான் வலது பக்கம் திருப்புறப்ப, கீழ இவன் இடது பக்கம் திருப்பிட்டா?”

“நான் ஏன் மொதலாளி திருப்பப் போறேன்?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“கார்லயே நீ நான் சொல்றதுக்கு எதிர்ப்பக்கம்தானப்பா திருப்புற.”

கீழ் ஸ்டியரிங்கைக் கழற்றி ராஜாவின் ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள்.

மற்றபடி வேலை என் படத்தின்படியே நடந்தது. சக்கரம் தாழ்ந்தது, பலகை உயர்ந்தது, திசைகாட்டி இடம் மாறியது. இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவில் ராஜாவின் தறிக்கூடத்துக் கழிவுப் பஞ்சை அடைத்த மெத்தை. படத்தில் இல்லாதவையும் சில சேர்ந்தன. மாமா ஒரு பஸ் ஏர்ஹாரனை வைத்தார். பெயின்டர் படகின் பின்புறம் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிவிட்டார். தண்ணீரில் பின்னால் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன்.

“அது எழுதாத வண்டி இந்தப் பட்டறைய விட்டு வெளிய போனதில்ல தம்பி.”

அந்த வருஷம் ஐப்பசி மழையில், ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் உள்ள கண்மாய் நிறைந்து மறுகால் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மாமா தொழுகை முடிந்து வந்ததும் படகை இறக்கினோம். கரை நிறைய ஆட்கள். கடலை விற்பவர்கூட வந்துவிட்டார்.

ராஜா மேலே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தைத்த சட்டை போலப் பொருந்தியது. அவருக்குப் பக்கத்துப் பலகையில் கோதையம்மா. நான் சுருட்டிய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். மாமாவும் சங்கிலிப்பாண்டியும் கீழே. ஹாரன் அடித்ததும் கரையில் இருந்த மாடுகள் ஓடின. படகு நகர்ந்தது.

பாதிச் சுற்றுவரை எல்லாம் சரியாகப் போனது. நான் கூட இரண்டாம் வருஷப் பாடங்களை நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது ராஜா நெளிந்தார்.

அவர் பிறந்ததில் இருந்தே சம்மணம் போடுகிறவர். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, மேலே இருக்கும் காலைக் கீழே விட்டுக் கீழே இருக்கும் காலை மேலே போட்டுக்கொள்வார். ஆபீஸிலும் அப்படித்தான் செய்தார். நான் நாடாவை இறக்கிவிட்டுக் காத்திருந்தது அதற்காகத்தான். அவர் அசையாத நேரத்தை மட்டும் அளந்து வந்திருக்கிறேன். இப்போது இரண்டு பக்கமும் பலகை, எதிரே சக்கரம். கால் மாற்ற இடமில்லை.

“கால் மரத்துப் போச்சு” என்று முனகிக்கொண்டே ஒரு முட்டியைத் தூக்கினார். அது கைப்பிடியில் இடித்தது. கைப்பிடி முன்னால் போனது. படகு துள்ளிக் கிளம்பியது. காலை உருவப் பார்த்தார், அது சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உருவ உருவக் கைப்பிடி இன்னும் முன்னால் போனது.

“ஆபு! ஆபு!” என்று படகைத் தெலுங்கில் நிற்கச் சொன்னார்.

கரையில் நின்றவர்கள் வேடிக்கைக்காக வேகமாக வருகிறோம் என்று கைதட்டினார்கள். பிறகு ஓடினார்கள்.

கீழே இருந்து மாமா கத்தினார். “ஏலே, எங்கலே போவுது?”

“கரைக்கு மாமா!”

“எந்தக் கரைக்குலே?”

சங்கிலிப்பாண்டி பழக்கத்தில் கீழ் ஸ்டியரிங் இருந்த இடத்தில் கையை வைத்து, அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்து, மேலே ஏறி வந்தார். ராஜாவின் அக்குளில் கைகொடுத்து, முளைக்குச்சியைப் பிடுங்குவது போல அவரைத் தூக்கித் தட்டில் வைத்தார். பிறகு தன் காலை இருக்கைக்குள் விட்டுப் பார்த்தார். முட்டி தாடையில் வந்து இடித்தது. கையை உள்ளே நுழைத்தால் கைப்பிடி கண்ணுக்குத் தெரியவில்லை.

“நீ ஓட்டாதப்பா! எதிர்ப்பக்கம் திருப்புவ!” என்று ராஜா படுத்தபடியே அலறினார்.

எதிரே ஒரு எருமை கழுத்துவரை தண்ணீரில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கருங்கல் மடை. என் டி ஸ்கொயர் நின்று எரிவது எனக்குத் தெரிந்தது.

“நகருங்க” என்றார் கோதையம்மா.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இருக்கையில் இறங்கிச் சம்மணம் போட்டார். கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். இரண்டு கையாலும் சக்கரத்தைத் திருப்பினார். படகு எருமைக்கும் மடைக்கும் நடுவில் வளைந்து, ஆகாயத்தாமரையை உரசிக்கொண்டு வெளியே வந்தது. எருமை தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.

“சரி, கரைக்கு விடு” என்றார் ராஜா.

“ஏவண்டி, சுத்து முடியலல்ல?” என்று புருஷனைத் தெலுங்கில் கூப்பிட்டுக் கேட்டார் கோதையம்மா.

சுற்றை முடித்தார். அதோடு நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டு இன்னொரு சுற்றும் போனார். பிறகு படகைத் துறையில் கொண்டுவந்து, பாத்திரத்தை அலமாரியில் வைப்பது போல வைத்தார்.

இறங்கியதும் மாமா என் பக்கம் வந்தார்.

“படம் ராஜாவுக்குப் போட்டது. ராஜா முட்டத்தான போனாரு?”

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ராஜா நொண்டிக்கொண்டே வந்தார்.

“பாய், சீட்டை அகலமாக்கணும். கைப்பிடியத் தள்ளி வைக்கணும்.”

“ஒரு ஆணிய அசைக்கக் கூடாது பாய்” என்றார் கோதையம்மா. “எனக்கு அம்புட்டும் கைக்கு எட்டுது.”

“யாட்டு என்னுது.”

“அளவு என்னுது.”

மாமா பழக்கத்தில் சட்டைப் பையில் இருந்து சாக்பீஸை எடுத்து, துறையின் சிமெண்டுப் படியில் குனிந்து, அகலமான சீட்டு ஒன்றை வரைந்தார். ராஜா பார்த்துத் தலையாட்டினார். கோதையம்மா காலால் அழித்தார். குறுகலாக ஒன்றை வரைந்தார் மாமா. கோதையம்மா தலையாட்டினார். ராஜா மரத்த காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, முடியாமல், சங்கிலிப்பாண்டியிடம் “அழிப்பா” என்றார்.

மாமா எழுந்து சாக்பீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னலே நின்னுக்கிட்டிருக்க? பஸ்ஸு வருதுல்ல. கிளாசுக்குப் போ.”

“முட்டலையா மாமா?”

“முட்டுச்சா? நான் கீழ இருந்தேன், எனக்கென்ன தெரியும்? ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு போட்டுட்டு வா. பேப்பர்ல போடு. யார் காலும் எட்டாத எடத்துல மாட்டுவோம்.”

அன்று வகுப்புக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போனேன். தாளை ஒட்டி, இருக்கைக்குப் பக்கத்தில் முதலில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டேன். சுயம்புலிங்கம் சார் சுற்றி வந்தவர் அங்கே நின்றார்.

“இது என்ன எடம்?”

“கால் மாத்துற எடம் சார்.”

“சரி. அளவைக் காணோமே?”

“திங்கக்கிழமை எடுத்துட்டு வாரேன் சார். முட்டியத் தொட்டு அளக்கணும்.”