முதல் வரிசை வீடுகள்

குளச்சலில் இணையம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் படுத்துக்கொள்ளும். மற்ற ஊர்களில் ஞாயிறு ராத்திரி நெரிசல் என்பார்கள். இங்கே பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில். வெள்ளிதான் அவர்களுக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்து அறைக்குத் திரும்பியதும் அத்தனை பேரும் ஒன்றாக வீட்டுக்கு வீடியோ போட்டால், முஹம்மது ஷரீஃப் நடத்தும் சின்ன நெட் கம்பெனியின் லினக்ஸ் பெட்டி பாவம், என்னதான் செய்யும்?

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவள் இர்ஷாதா. இந்தத் தடவை அவளால் சாக்குச் சொல்ல முடியாது. வரும் வெள்ளி சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்துத் தெரு ஷாஜிதா பேகத்தின் மகள் நிஸ்ரினுக்கு நிக்காஹ். தகப்பனார் சேக் முகம்மதுக்கு சவூதி தமாமில் லீவு கிடைக்கவில்லை. தன் சார்பில் நின்று நிக்காஹ் செய்துகொடுக்கத் தம்பியை வக்கீலாக நியமித்துவிட்டார். கண்ணால் பார்ப்பது மட்டும் வீடியோவில். போன வெள்ளி ஒத்திகை பார்த்தபோது அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

ஷாஜிதா பேகம் ஆபீசுக்கே வந்தார். சண்டை போடவில்லை. அதுதான் இர்ஷாதாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

“மோளே, கைப்பிள்ளையா இருக்கும்ப விட்டுட்டுப் போன மனுசன். பள்ளிக்கூடத்துல சேத்ததும் காணல்ல, பத்து பாசாயி நின்னதும் காணல்ல. இது ஒண்ணையாவது காணட்டும்.”

ஷரீஃபுக்கு இளகிய மனசு. யார் வந்து கண்ணைக் கசக்கினாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: அந்த வீட்டைப் பட்டியலில் மேலே தூக்கிப் போடு. பெட்டிக்குள் ஒரு பட்டியல் உண்டு, இன்ன வீட்டுக்கு இவ்வளவு வேகம் என்று வீட்டுக்கு ஒரு வரி. வந்துபோகும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் பெட்டி முதல் வரியிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வரும். அதற்குரிய வரி வந்ததும் நிற்கும். மேலே இருந்தால் சீக்கிரம் என்பது ஷரீஃபின் கணக்கு. அதனால் ஜமாஅத் தலைவர், டாக்டர், கோயில் கமிட்டிக்காரர், வாய் நீளமான மச்சான் என்று எல்லோரும் மேலே ஏறியிருந்தார்கள். பட்டியலில் இருந்த வரியை அழித்துவிட்டு, பெட்டி முதலில் படிக்கும் தனிக் கோப்பு ஒன்றில் கையால் எழுதிச் சேர்ப்பது வழக்கம்.

ஷாஜிதா வீட்டையும் இர்ஷாதா அப்படியே மேலே போட்டாள். ஒன்றும் மாறவில்லை. உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கேபிளில் இடம் தாராளமாகக் கிடக்கிறது. வீடுகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டதால் பெட்டி அந்தப் பட்டியலைப் படித்துப் படித்தே ஓய்ந்துபோகிறது. ஓய்ந்துபோன பெட்டிக்கு முன்னால் முதல் ஆள் என்ன, கடைசி ஆள் என்ன! வேறு பெரிய பெட்டி வாங்கலாமா என்றார் ஷரீஃப். ஊர் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அதுவும் படுத்துவிடும் என்று இர்ஷாதா சொன்னாள். பட்டியலைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துவிட்டால் போதும். வீட்டின் இணைய முகவரியில் கடைசி எண்ணைப் பார்த்ததும் பெட்டி நேரே அந்த அறைக்குப் போய்விடும், அங்கே படிக்க வேண்டியது கொஞ்ச வரிகள்தான்.

“அப்பம் மேல இருக்கவங்க?”

“மேலயும் கெடையாது, கீழயும் கெடையாது மாமா.”

ஷரீஃபின் முகம் வாடிவிட்டது. ஊருக்குக் கொடுக்க அவரிடம் இருந்த ஒரே மரியாதை அது.

இந்த மாதிரி வேலையை நடுச்சாமத்தில் செய்யச் சொல்லித்தான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எழுதியவர்கள் குளச்சலில் குடியிருந்ததில்லை. அந்த நேரம்தான் ஷிஃப்ட் முடிந்த கணவன்மார் கூப்பிடும் நேரம். முன்பு ஒருமுறை அப்போது கைவைத்து, மறுநாள் தெருவில் தலைகாட்ட முடியாமல் போன அனுபவம் இர்ஷாதாவுக்கு உண்டு. இந்த ஊர் இணையம் உண்மையிலேயே சும்மா கிடப்பது வெள்ளி மதியம், ஜும்மா பயான் என்ற பிரசங்கம் நடக்கும்போதுதான். ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் அடுக்களையில், அக்கரையில் இருப்பவர்கள் குளித்துக் கிளம்பும் அவசரத்தில்.

அந்த இடைவெளியில் பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புது அறைகளை ஏற்றினாள். அங்கொன்று இங்கொன்றாகச் சில வீடுகளைச் சோதித்தாள். எல்லாம் சரி. அஸர் நேரத்துக்கு நெரிசல் ஏறியது. பெட்டி அசரவே இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் ஷாஜிதா பேகம் போனில் கூப்பிட்டார். நிக்காஹ் ஓதிவைக்க கத்தீபு வந்து உட்கார்ந்தாச்சு, படம் அசையவே மாட்டேங்குது என்றார்.

இர்ஷாதா அந்த வீட்டு வரியைத் தேடினாள். எந்த அறையிலும் இல்லை. பெரிய பட்டியலை அறைகளாகப் பிரித்தவள், கையால் எழுதிய தனிக் கோப்பை மறந்தே போயிருந்தாள். பெயர் தெரியாதவர்களை எல்லாம் பெட்டி ஒரு ஒடுக்கமான பொதுப் பாதையில் தள்ளிவிடும். ஊரில் அத்தனை வீடும் ஓட, மரியாதை பெற்ற வீடுகள் மட்டும் அந்தச் சந்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. அந்த ஒரு வீட்டை மட்டும் சேர்த்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நிக்காஹ் வீட்டுக்கு ஓடினாள்.

பந்தலில் துஆ ஓதி முடித்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். ஷாஜிதா பேகம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அன்னக்கிளி, போன மாதம்தான் நெட் எடுத்துப் பட்டியலின் கடைசியில் இருந்தவள், மதிலுக்கு மேலே தன் போனை நீட்டி, இதுல போட்டுப் பாருங்க என்றாளாம். மாப்பிள்ளை சம்மதித்துக் கபூல் சொன்னது, மகள் தலை குனிந்தது, எல்லாவற்றையும் சேக் முகம்மது அந்தப் போனில் பார்த்துவிட்டார். இந்தப் பிள்ளைதான் நெட்டைச் சரியாக்கினவ என்று சொல்லி, ஷாஜிதா போனை இர்ஷாதா பக்கம் திருப்பினார்.

நரைத்த தாடி முழுக்க நனைந்திருந்தது. “தெளிவா கண்டேன் மக்களே,” என்றார் சேக் முகம்மது. “உனக்கு அல்லா பரக்கத் செய்யட்டும்.”

உங்கள் வீட்டை விட்டுவிட்டதே நான்தான் என்பதை விழுங்கிக்கொண்டாள். சலாம் சொல்லி விலகிக்கொண்டாள்.

ஷரீஃப் போனும் கையுமாகப் பந்தலுக்குள் வந்தார். தலைவர் வீட்டில் நெட் இல்லை, டாக்டர் வீட்டில் இல்லை, தன் வீட்டிலும் இல்லை என்று புலம்பினார். இர்ஷாதா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மேலே இருந்தவர்கள் மட்டும்தான் விட்டுப்போனார்கள் என்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அன்னக்கிளியைக் கைகாட்டினார்.

“எங்களை எல்லாம் அவ இருக்க எடத்துல போடு மக்களே,” என்றார்.