சக்டன் வீட்டுக்குள் பெய்த பனி

வட இங்கிலாந்தின் மார்பெக் நகரத்தின் மேன்மைகளை எழுதப் புகுகிற எவரும் அதன் கம்பளி ஆலை, கல் பாலம், நின்று பழக்கமில்லாத ரயில்கள் ஆகியவற்றுக்கு முன்னால், எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டு அறிவிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நவம்பர் மாதத்தில், வெளியே கோட்டுக்குப் பொத்தான் போடத் தேவையில்லாத ஒரு இதமான மதியத்தில், டென்டர் சந்து ஒன்பதாம் எண் வீட்டுக்குள் மட்டும் வெண்பனி பெய்தது. மாடிப்படி முகப்பில் ஆரம்பித்து, தேநீர் நேரத்துக்குள் கூடத்துக் கம்பளத்தை மூடிவிட்டது. அன்று உருளைக்கிழங்கு விலையில் மாற்றமில்லை.

அந்த வீட்டுத் தலைவர் வில்ஃப்ரட் சக்டன், நகரசபையில் எடை அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் தராசுக்கு முன்னால் குனிந்து குனிந்து பார்த்ததில் அவருக்கு முதுகு வளையவில்லை, மூக்கு மட்டும் உயர்ந்தது. மார்பெக் வீட்டுச் சிக்கனக் கழகத்தின் தலைவரும் அவரே; அதை நிறுவியவரும், கூட்டங்களில் கேள்வி கேட்பவரும், அதற்குப் பதில் சொல்பவரும் அவரே. ஹீட்டிங் போடுவது குணக்கேடு என்பது அவர் கொள்கை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிற நோய்தான் அது. நவம்பர் பிறக்கும் முன், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பவனை நாங்களும் பகலில் குடிப்பவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்போம். ஆனால் வில்ஃப்ரட் அதை ஒரு மதமாக வளர்த்திருந்தார். சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி, சாவி கடிகாரச் சங்கிலியில். மனைவி டோரீன் குளிர்கிறது என்றால், "குளிரெல்லாம் ஒண்ணுமில்ல, காத்து சுத்தமா இருக்கு. இன்னொரு ஸ்வெட்டரப் போட்டுக்கோ" என்பார். கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து இதே பதில். டோரீன் பெட்டியில் இப்போது அவளைவிடப் பருமனான ஸ்வெட்டர்கள் இருந்தன.

அவ்வளவு காலம் ஒரே பேச்சைக் கேட்டுக்கொண்டு சமையலறை அலமாரிக்குள் தொங்கிய, ரேடியேட்டர்களுக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் பாய்லர், அந்த நவம்பரில் அதை நம்பத் தொடங்கியது. வில்ஃப்ரட்டே பெரிய மனது வைத்துப் பெட்டியைத் திறந்து பதினாறு டிகிரியில் வைத்த அன்று அது எரியவில்லை. அவர் ரீசெட் பொத்தானை அழுத்தினார். ஒரு செருமல், ஒரு பொறி, அவ்வளவுதான். அழுத்தமானியில் முள் சரியாக இருந்தது. ரேடியேட்டர் ஒவ்வொன்றிலும் சின்னச் சாவியைத் திருகிக் காற்றை இறக்கினார். கறுப்புத் தண்ணீர் அவர் சட்டையில் பட்டதே தவிர ஒன்றும் சூடாகவில்லை. பம்பைச் சுத்தியலால் செல்லமாகத் தட்டினார். பாய்லரின் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம் என்று வெளியே போய்க் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றினார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மேவிஸ் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "செடிக்கா சார்?" என்று கேட்டாள்.

பாரி லம் வரவழைக்கப்பட்டான். பாய்லர்காரன். பிஷப்பிலிருந்து பூனை வரை எல்லோரையும் கண்ணு என்று கூப்பிடுகிறவன். அலமாரியைத் திறந்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, தலையை ஆட்டினான்.

"யாரு கண்ணு இதை மாட்டினது? கையை ஒடிக்கணும்."

"நீதான் பாரி," என்றாள் டோரீன்.

"அப்படியா," என்றான் பாரி, இன்னொரு தடவை பார்த்து. "இல்ல, நல்லாத்தான் மாட்டியிருக்கேன்."

பாரிக்குப் பாய்லர்களைப் பற்றி அதிகம் தெரியாது. கழற்றத் தெரியும், மாட்டத் தெரியும், தேநீருக்கு எத்தனை சர்க்கரை என்று சொல்லத் தெரியும். முதலில் பொறி தட்டும் கம்பியை மாற்றினான். பிறகு வால்வு, விசிறி, பம்பு, மின் பலகை. கடைசியில் பழைய பாய்லரில் மிச்சமிருந்தது வெளித்தகடு மட்டும்தான். அதையும் துரு என்று சொல்லி மாற்றினான். ஆக ஒன்பதாம் எண் வீட்டில் இப்போது முழுக்கப் புதிய பாய்லர் ஒன்று, பழையதின் அதே பிடிவாதத்தோடு தொங்கியது. "மெஷின்ல ஒரு குறையும் இல்ல கண்ணு. அதுக்கு எரிய இஷ்டமில்ல" என்று அறிக்கை கொடுத்துவிட்டு, சட்டைக் காலரில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டு போனான்.

மாடிப்படி முகப்பில் ஆரம்பித்த பனி பிறகு நிற்கவே இல்லை. படுக்கையறையில் தூறலாகவும் கூடத்தில் அடர்த்தியாகவும் பெய்தது. குளியலறைக் குழாயிலிருந்து தொங்கிய பனிக்கட்டியில் வில்ஃப்ரட் துண்டை மாட்டினார். கசாப்புக் கடைக்காரர் மரியாதையாக வந்து கேட்டுவிட்டு, முன்னறையில் வான்கோழிகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். துணிக்கூடையில் ஒரு வெள்ளை முயல் குடியேறியது. எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. டோரீனுக்கு இருமல் வந்தது. கட்டிலில் அவள் மூச்சு புகையாக மேலே போவதை வில்ஃப்ரட் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவள் இருமும்போதெல்லாம் போர்வையில் தன் பங்கைக் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளுவார். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

சிக்கனக் கழகத்தின் மாதாந்திரக் கூட்டம் வழக்கப்படி தலைவர் வீட்டில் நடந்தது. உறுப்பினர்கள் வரவேற்பறையில் கணுக்கால் அளவுப் பனியில் காலை வைத்துக்கொண்டு, தொப்பியில் சேர்ந்த பனியைக் கண்ணியமாக மடியில் கொட்டிக்கொண்டு, தலைவரின் உரையைக் கேட்டார்கள். பிஸ்கட்டைத் தேநீரில் நனைக்கத் தேநீரின் மேல் உறைந்த ஏடு முதலில் உடைக்கப்பட வேண்டியிருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளி என்றால் அப்படித்தான். கூரை இடிந்து விழுந்தாலும், வெளிச்சம் நன்றாக வருகிறது என்போம். ஆனால் புதிதாகச் சேர்ந்திருந்த பெலிங் என்பவர் தெற்கத்திக்காரர், வளர்ப்பு சரியில்லை. உதடு நீலமாகி, "இங்க குளுருதுங்களே" என்று சொல்லிவிட்டார்.

சமையலறையில் பாய்லர் 'க்ளிக்' என்றது. பக்கென்று நீலச் சுடர் எழுந்தது.

"குளிர் இல்ல, பெலிங். இதுக்குப் பேரு தெளிவு," என்றார் வில்ஃப்ரட்.

சுடர் அணைந்தது. தட்டோடு கதவருகே நின்றிருந்த டோரீன் சுடர் எழுந்ததையும் அணைந்ததையும் பார்த்தாள்.

மறுநாள் அவள் பாய்லரிடம் தனியாகப் போய், குளுருது என்றாள். அது எரிந்தது. மாடியில் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்த வில்ஃப்ரட், கேட்டதாகக் கூடத் தெரியாமல், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அணைந்தது. அவர் நூலகத்துக்குப் போனபோது சொல்லிப் பார்த்தாள். அது எரியாமல், அவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்பதுபோல மௌனமாக இருந்தது. அன்று மதியச் சாப்பாட்டில் அவள் விஷயத்தை மேசைமேல் வைத்தாள்.

"வில்ஃப், பாய்லர்ல கோளாறு இல்ல. அது உன் பேச்சக் கேக்குது. நானும் இத்தனை வருஷமா அந்தத் தப்பத்தான் பண்ணேன்."

"மெஷின் எப்படிம்மா பேச்சக் கேக்கும்? அழுத்தத்துல ஏதோ—"

"உன் வாயால ஒரே ஒரு தடவ, எனக்குக் குளுருதுன்னு சொல்லு."

"இல்லாத ஒண்ண எப்படிச் சொல்றது? எடையில நான் பொய் சொன்னதே கிடையாது."

"உன் மூக்கு நுனியில பனிக்கட்டி தொங்குது."

"அது ஜலதோஷம்," என்றார் வில்ஃப்ரட்.

டோரீன் பட்டாணியைத் தட்டிலிருந்து கரண்டியால் பெயர்த்து எடுத்தாள். கடற்கரை ஊரான மோர்கம்பில் அவள் அக்கா ஷீலா இருந்தாள். அந்த வீட்டில் மெழுகுவத்திகள் தாமாகவே தலைகுனியும் அளவு ஹீட்டிங் எரியும். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு அங்கே போவதாகவும், இந்தத் தடவை திரும்பி வரும் டிக்கெட் வாங்குவதாக இல்லை என்றும் டோரீன் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வில்ஃப்ரட்டுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பெட்டியோடு அவள் கூடத்தில் நின்றாள். தொப்பியில் பனி விழுந்துகொண்டிருந்தது. வில்ஃப்ரட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னிக்குக் கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கு," என்றார்.

குளியலறை ரேடியேட்டர் ஒரு ஏப்பம் விட்டது. டோரீன் கையுறையை மாட்டினாள்.

"சரி. ஜில்லுன்னே இருக்குன்னு வச்சுக்கோ."

படிக்கட்டடியில் இருந்த ரேடியேட்டர் வெதுவெதுப்பாகி, யோசித்து, ஆறியது. முயல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டு ஏமாற்றத்தோடு இறங்கியது.

"பொதுவா ஒருத்தர், அதாவது உடம்பு பலவீனமான ஒருத்தர், இந்த நிலைமையில குளிருன்னு கருத எடமிருக்கு," என்றார் வில்ஃப்ரட்.

பாய்லர் எரிந்தது, அந்த வாக்கியம் முடிவதற்குள், வக்கீல் பேச்சைக் கண்டுகொண்டதைப் போல, அணைந்துவிட்டது.

"ஃப்ரிட்ஜுல சமைச்ச ஆட்டுக்கறி இருக்கு," என்றாள் டோரீன். "ஃப்ரிட்ஜுலதான்னு இல்ல, இந்த வீட்டுல எங்க வச்சாலும் கெடாது." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வில்ஃப்ரட் மாடிப்படியில், பனிமேல் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் போர்வைக்குள் மூச்சுவிட இனி யாரும் இருக்கப்போவதில்லை என்பதை அவர் ஆய்வாளராக இருந்த அனுபவத்தைக் கொண்டு எடைபோட்டுப் பார்த்தார். முள் ஒரு பக்கமாகவே விழுந்தது. முயல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்குக் குளுருது," என்றார். குரல் சரியாக வரவில்லை. பிறகு இன்னொரு தடவை, ஒழுங்காக, "ரொம்பக் குளுருது. எப்பவுமே குளுரும், டோரீன்," என்றார்.

பாய்லர் எரிந்ததோடு நிற்கவில்லை. அந்த வார்த்தையைக் குழாய் வழியாக எடுத்துக்கொண்டு ஓடியது. டென்டர் சந்தின் எல்லா ரேடியேட்டர்களிலும், தேவாலயத்தில், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், வில்ஃப்ரட்டின் குரல் தெளிவாகக் கேட்டது. மேவிஸ் தன் ரேடியேட்டர்மேல் காய்ந்த துணியை எடுத்துவிட்டு மறுபடி காதை வைத்துக் கேட்டாள். மோர்கம்ப் பஸ் அப்போது மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் ஹீட்டர் பல வருடங்களாக வேலை செய்ததில்லை. அன்று வேலை செய்தது, பேசவும் செய்தது. ஓட்டுநர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா?"

"அவருதான்."

"நிறுத்தவா?"

"இன்னொரு தடவ சொல்லட்டும்," என்றாள் டோரீன்.

ஹீட்டர் இன்னொரு தடவை சொன்னது. அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். மேட்டிலிருந்து இறங்கி டென்டர் சந்துக்குள் திரும்பியபோது, ஒன்பதாம் எண் வீட்டு வாசலிலிருந்து உருகிய பனி ஓடையாக எதிரே வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வான்கோழி மிதந்து வந்தது. வில்ஃப்ரட் முழங்கால் வரை தண்ணீரில் நின்று துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். முயல் அன்று மதியமே மேவிஸ் வீட்டுத் தோட்டம் வழியாகக் குன்றுப் பக்கம் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில், அழுத்தத்தில் ஒரு சிறு கோளாறு இருந்ததாகவும் தானே அதைச் சரிசெய்துவிட்டதாகவும் தலைவர் அறிவித்தார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். பாரி லம், அது தான் மாட்டிய பாய்லர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். பாய்லர் மட்டும் ஒரு தடவை சொன்னதை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதில்லை. அதனால் குளிர்காலம் முழுவதும் வில்ஃப்ரட் தினமும் காலையில் சமையலறை அலமாரிக்குள் தலையைவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியமாக அதைச் சொல்கிறார். மார்பெக் முழுவதும் கேட்கிறது. வானொலிச் செய்திக்குச் சற்று முன்னால் வரும் என்பதால் பலர் அதை வைத்துத்தான் முட்டையை அடுப்பிலிருந்து இறக்குகிறார்கள். அவரிடம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தெர்மோஸ்டாட் இப்போது இருபத்திரண்டில் நிற்கிறது. டோரீன் புழுக்கமாக இருக்கிறதென்று ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குகிறாள்.